44 வயதில் ஜேர்சி போடலாமா?

2 ஜூலை 2023 – வாசகர் கேள்வி

எனக்கு வயது 44, இல்ஃபோர்டில் இருக்கிறேன். கிழக்கு இலண்டன் உதைபந்தாட்டக் கழகமான வெஸ்ட் ஹாம் பிராகில் கிண்ணம் வென்ற அடுத்த கிழமை மனுசி எனக்கு ஒரு ஜேர்சி வாங்கித் தந்தா. நேற்று அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனேன். மண்டப வாசலிலேயே ஒருத்தர், "என்ன அண்ணை, அரைவாசி நேரத்துக்குப் பிறகு இறங்கப் போறீங்களோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், மனுசியும் சேர்ந்துதான். வளர்ந்த ஆம்பிளை ஜேர்சி போடுவது அவ்வளவு பிழையா?

2 ஜூலை, இரவு – என் பதில்

பிழைதான். கோயிலுக்குப் போகிற எல்லாரும் ஐயர் மாதிரி பஞ்சகச்சம் கட்டிக்கொண்டா போகிறோம்? விளையாடுகிறவனுக்குத்தான் ஜேர்சி. பார்க்கிறவனுக்குக் கோட்டு.

3 ஜூலை

இரண்டு வரி எழுதியதற்கு இவ்வளவு திட்டா? சரி, விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதல் பிரச்சினை துணி. ஜேர்சி பொலியெஸ்டர். இருபத்திரண்டு வயது ஓட்டக்காரனின் உடம்பை மனதில் வைத்து வெட்டியது. நம் ஆட்கள் போட்டால் வயிற்றில் ஒட்டி, இடுப்பில் ஏறி, இருக்கும்போது தொப்புளுக்கு மேலே ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்புக்குச் சரியாக மேலே ஒரு சூதாட்டக் கம்பனியின் பெயர். இரண்டாவது பிரச்சினை அதுதான். அறுபது பவுணுக்கு மேலே கொடுத்து வாங்கி, இன்னொருவனின் விளம்பரப் பலகையாக ரோட்டில் நடக்கிறோம். உண்மையில் அவன்தான் எங்களுக்குக் காசு தர வேண்டும்.

1979இல் லிவர்பூல் கழகம் "ஹிட்டாச்சி" என்று நெஞ்சில் எழுதியதோடு இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் தொடங்கியது. அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

4 ஜூலை

லிவர்பூல் முதல் இல்லை என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொன்னது சரி. 1976இல் கெட்டரிங் டவுன் என்ற சின்னக் கழகம் உள்ளூர் டயர் கம்பனியின் பெயரைப் போட்டு இறங்கியது: "கெட்டரிங் டயர்ஸ்". எடுக்கச் சொல்லிக் கால்பந்துச் சங்கம் உத்தரவு போட்டது. இவர்கள் "கெட்டரிங் டி" என்று மட்டும் விட்டுவிட்டு, டி என்றால் டவுன் என்று சாதித்தார்கள். கடைசியில் அதையும் எடுக்க வைத்தார்கள். முதல்தரக் கழகங்களில்தான் லிவர்பூல் முதல்.

அந்த "டி"க்காக அவர்களை மன்னித்துவிட்டேன்.

6 ஜூலை

"எல்லாக் காலத்திலும் பெரியவர்கள் போட்டுக்கொண்டுதானே வந்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நான் 1999இல் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தேன். முதல் வேலை கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு பலசரக்குக் கடை. அப்டன் பார்க் மைதானம் ஐந்து நிமிட நடை. மட்ச் நாளில் பன்னிரண்டு மணிக்கே முதலாளி வாசலில் இருக்கிற கத்தரிக்காய்ப் பெட்டி, முருங்கைக்காய்க் கட்டு எல்லாவற்றையும் உள்ளே எடுக்கச் சொல்லிவிடுவார். ஸ்டேசனில் இருந்து கூட்டம் இறங்கினால் சீலைக்கடை, நகைக்கடை வாசலெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே அரக்கு நிறமாக ஓடும். கவுண்டருக்குப் பின்னால் நின்று அதைப் பல வருசம் பார்த்தேன். சின்னப் பெடியள் ஜேர்சி. இருபது, முப்பது வயதுக்காரர் ஜேர்சி. அறுபது தாண்டினவர்கள் மட்டும் சாதாரணக் கோட்டில் வருவார்கள். சிலரின் கோட்டுக் காலரில் நகம் அளவில் ஒரு சின்னம் இருக்கும், குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல். அவ்வளவுதான். கழகத்தைத் தொடங்கிய தேம்ஸ் இரும்புக் கப்பல் பட்டறையின் சுத்தியல்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இருந்தார். டொக்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஐம்பது வருசமாக மட்ச் பார்த்தவர். அவரிடம் ஜேர்சி இருக்கிறதா என்று கேட்டேன். மேலே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உள்ளே அட்மிரல் கம்பனி செய்த பழைய வெஸ்ட் ஹாம் ஜேர்சி. என் இரண்டு உள்ளங்கையையும் விரித்தால் அதன் நெஞ்சு மூடிவிடும். காலரில் தேத்தண்ணிக் கறை. "இது பெடியனுக்கு வாங்கினது. எனக்கென்னத்துக்கு?" என்றார். அந்தப் பெடியனுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது.

இந்த வியாபாரம் வந்த விதமும் அப்படித்தான். லெஸ்டர் பக்கம் உள்ளாடை செய்துகொண்டிருந்த கம்பனி அட்மிரல். அதுவரை ஜேர்சி என்றால் வெறும் சிவப்பு, வெறும் நீலம். யாரும் தைத்து விற்கலாம். அட்மிரல் 1973இல் லீட்ஸ் கழகத்தோடும், அடுத்த வருசம் இங்கிலாந்து அணியோடும் ஒப்பந்தம் போட்டது. தன் கோடு, தன் காலர், தன் சின்னம் என்று புதுசாக வரைந்து, வேறு யாரும் செய்ய முடியாதபடி பதிந்து வைத்தது. வாங்கியது அப்பாமார், போட்டது பிள்ளைகள். அப்பாமார் தங்களுக்கும் வாங்கத் தொடங்கியது பிறகுதான். எப்போது என்று என்னைக் கேட்டால், என்றைக்கு நாற்பத்திநாலு அங்குல நெஞ்சுக்கும் செய்தால் விற்கும் என்று ஒருத்தன் கண்டுபிடித்தானோ அன்றைக்கு.

7 ஜூலை

இரண்டு பேர் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள். பெரியவர்கள் அந்தக் காலத்தில் போடாததற்கு வெட்கம் காரணமில்லை, அடி விழும் என்ற பயம்தான் காரணம் என்று. அதுவும் உண்மைதான். எண்பதுகளில் அடிபாட்டுக்கென்றே போனவர்கள் கழக நிறத்தைத் தொடவே மாட்டார்கள். விலை கூடிய இத்தாலிச் சட்டை போட்டு, ரசிகர்களுக்கான தனி ரயிலை விட்டுவிட்டுச் சாதாரண ரயிலில் போனால் பொலிஸ் கண்ணில் படமாட்டார்கள். வெஸ்ட் ஹாமின் அந்தக் கூட்டத்துக்கு அந்த ரயிலின் பெயரே பெயரானது: இன்டர் சிட்டி ஃபேர்ம். ஜேர்சி போட்டு வந்தவன் அப்பாவி என்று அர்த்தம்.

இப்போதும் மட்ச் நாளில் சில பப் வாசலில் "கழக நிறம் அணிந்தவர்களுக்கு அனுமதி இல்லை" என்று எழுதியிருக்கும். நான் பப்புக்குப் போவதில்லை. எழுத்தை மட்டும் வாசிப்பேன்.

9 ஜூலை

விலை பற்றிக் கேட்ட தம்பிக்கு. 2003இல் ஜேர்சி விலையைக் கூடிப் பேசி இறக்காமல் வைத்திருந்தார்கள் என்று மன்செஸ்டர் யுனைட்டட், அம்ப்ரோ, ஜேஜேபி ஸ்போர்ட்ஸ் உட்படப் பல பேருக்கு மொத்தம் 1 கோடி 86 இலட்சம் பவுண் தண்டம் விதித்தார்கள். விலை கூட என்று நீங்கள் நினைப்பது மனப்பிரமை இல்லை.

ஆனால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. இந்த நாட்டில் சிறுவர் உடுப்புக்கு வாட் வரி கிடையாது, பெரியவர் உடுப்புக்கு 20 வீதம். சிறுவர் ஜேர்சியில் சூதாட்டக் கம்பனி பெயர் போடவும் கூடாது. அதனால் வெஸ்ட் ஹாம் ஜேர்சியில் வரும் பெட்வே என்ற எழுத்தும் இல்லை. நான் ஐந்தடி மூன்று அங்குலம். சிறுவர் அளவில் மிகப் பெரியது எனக்குச் சரியாக இருக்கும். ஆக, ஒரு பெரியவர் ஜேர்சி போடத்தான் வேண்டும் என்றால் சின்னப் பிள்ளையின் ஜேர்சியைப் போடுவதே மரியாதை. விலை குறைவு, நெஞ்சும் சுத்தம்.

(நான் போடவில்லை. கணக்கைச் சொன்னேன்.)

9 ஜூலை, பிறகு

பெட்வே என்றதும் நினைவு வந்தது. எங்கள் கழகத்தின் நெஞ்சில் ஏறினவர்களின் சாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். எக்ஸ்எல் என்ற விடுமுறைப் பயணக் கம்பனி 2008 செப்டெம்பரில் திடீரென்று விழுந்தது. அடுத்த மட்சுக்கு அந்தப் பெயருக்கு மேல் துண்டுத் துணி ஒட்டி, அதில் வீரரின் எண்ணைப் போட்டு இறங்கினார்கள். அதன்பின் ஒரு சூதாட்டக் கம்பனி. பிறகு அல்பாரி, நாணய வியாபாரம் செய்த கம்பனி. 2015 ஜனவரியில் சுவிஸ் பிராங் ஒரே நாளில் எகிற, அல்பாரியின் இலண்டன் கம்பனி கவிழ்ந்தது. பிறகு பெட்வே. இந்த ஏப்ரலில் பிரீமியர் லீக் கழகங்கள் கூடி, 2025–26 பருவம் முடிந்தபின் நெஞ்சில் சூதாட்டம் வேண்டாம் என்று முடிவு எடுத்திருக்கிறார்கள். அடுத்து எவன் மாட்டப் போகிறானோ.

ஆனால் சூதைப் பழிக்க எங்களுக்குத் தகுதி இல்லை. அரக்கும் நீலமும் எப்படி வந்தது என்று ஈஸ்ட் எண்டில் ஒரு கதை சொல்வார்கள். பர்மிங்காமில் ஒரு சந்தையில் அஸ்டன் விலா ஆட்கள் சிலர் எங்கள் ஆளோடு பந்தயம் கட்டி ஓடித் தோற்றார்களாம். கொடுக்கக் காசில்லை. அதில் ஒருத்தன் விலாவின் ஜேர்சி தோய்க்கிற பொறுப்பில் இருந்தவன், ஒரு செட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கழகத்தில் காணாமல் போய்விட்டது என்று சொன்னானாம். உண்மையோ பொய்யோ, தொடக்கமே பந்தயக் காசு.

11 ஜூலை

விலா என்றதும் இன்னொன்று. ஒரு முறை யூஸ்டனில் அரக்கு நீலம் போட்ட பெரியவர் ஒருவரைக் கண்டு, பிராகில் வென்ற சந்தோசத்தில், கையைத் தூக்கி "கம் ஒன் யூ அயன்ஸ்" என்ற வெஸ்ட் ஹாம் கோசத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் திரும்பினார். நெஞ்சில் சிங்கம். விலா.

அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் கோட்டுப் போட்ட மனிதன், எனக்கே இந்த நிலைமை.

15 ஜூலை

இன்றைக்கு எங்கள் கப்டன் டெக்லான் ரைஸை ஆர்சனல் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 10 கோடி பவுண், மேலே இன்னும் 50 இலட்சம் வரலாம்.

என் மகனுக்குப் பதினாலு வயது. அவன் ஜேர்சியின் பின்னால் "ரைஸ் 41" என்று அடித்திருக்கிறது. ஜூன் 8ஆம் திகதி, வீரர்கள் கிண்ணத்தோடு பஸ்ஸில் ஊர்வலம் வந்த நாள், அதைப் போட்டுக்கொண்டுதான் பார்க்கிங் ரோட்டில் மூன்று மணித்தியாலம் நின்றான். பஸ் போகும்போது கிண்ணத்தைக் கண்டானோ இல்லையோ, ரைஸைக் கண்டான். முன்னால் நின்ற ஒரு கிழவி, எண்பது இருக்கும், ஜேர்சிக்கு மேலே ஒரு கம்பளிச் சட்டையும் அதற்கு மேலே முத்துமாலையும் போட்டிருந்தா. அழுதுகொண்டிருந்தா. 1980க்குப் பிறகு வருகிற முதல் பெரிய கிண்ணம். அன்றைக்கு அந்த ரோட்டில் ஜேர்சி இல்லாமல் நின்றது நானும் பொலிஸும்தான்.

இன்று பின்னேரம் மகன் ஜேர்சியைத் தருமக் கடைக்குக் கொடுக்கிற பைக்குள் திணித்துவிட்டான். ஆர்சனலிலும் ரைஸுக்கு அதே 41ஆம் எண்தானாம். பெயரும் சரி, எண்ணும் சரி, நிறம் மட்டும்தான் பிழை என்று பகிடி விட்டேன். அறைக்கதவை அடித்துச் சாத்தினான்.

ஆகவே புதிய விதி: போட்டாலும், பின்னால் பெயர் அடிக்கக் கூடாது. 1993க்கு முன் இங்கிலாந்துக் கழக ஜேர்சியில் பெயரே இல்லை. யார் போனாலும் சட்டை மிஞ்சியது.

16 ஜூலை

பையில் இருந்து அந்த ஜேர்சியை எடுத்துவிட்டேன். நல்ல துணி. படுக்கும்போது போடலாம்.

ஆமாம், எனக்கு அளவு சரி. சிரிக்காதீர்கள்.

23 ஜூலை

ஒரு கிழமையாக எழுதவில்லை. "உங்களுக்கு ஏன் ஜேர்சி மேல் இவ்வளவு கோபம்?" என்று ஹரோவில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வயிறு, வரி, விளம்பரம் என்று நான் சொன்னதெல்லாம் அதற்குப் பதில் இல்லை.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் கடற்கரைப் பக்கம். கழகத்துக்கு ஒரே ஒரு செட் ஜேர்சி. பதினொன்று. காற்சட்டை அவரவருடையது, பாதிப் பேருக்குச் சப்பாத்தும் இல்லை. செயலாளர் வீட்டில் ஒரு இரும்புப் பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு அடுக்கியிருக்கும். மட்சுக்கு முதல் நாள் பின்னேரம் அவர் பெட்டியைத் திறந்து, பெயரைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பார். பதினொரு பெயர். பன்னிரண்டாவது பெயர் கூப்பிட மாட்டார், ஏனென்றால் பன்னிரண்டாவது ஜேர்சி இல்லை. மாற்று ஆளாக இறங்குகிறவன், வெளியே வருகிறவனின் வேர்த்த ஜேர்சியைக் கழற்றித்தான் போட வேண்டும். குருநகர், நாவாந்துறைப் பெடியள் மட்சுக்கு வந்தால் அவர்களுக்கும் எங்களைப் போலத்தான், ஒரு செட். ஆனால் அவர்களுடையது பளபளக்கும்.

மட்ச் முடிந்த அடுத்த நாள் செயலாளரின் தாய் கிணற்றடியில் தோய்த்துக் கதியால் வேலியில் காயப்போட்டிருப்பா. பள்ளிக்கூடம் போகிற வழி அது. பதினொன்றும் வரிசையாக, கை இரண்டும் கீழே தொங்க. 7ஆம் எண்ணில் தோள் தையல் விட்டு வேறு நூலில் தைத்திருக்கும். இன்றைக்கும் அந்த நூலின் நிறம் தெரியும் எனக்கு, பச்சை.

நான் பந்தும் எலுமிச்சம்பழப் பையும் காவியவன். நாலு வருசம். பெயர் கூப்பிடும்போது முற்றத்தில் நின்றிருக்கிறேன், ஒவ்வொரு முறையும். 95 இடப்பெயர்வோடு அந்தப் பெட்டி என்னவானதோ தெரியாது.

காசு கொடுத்தால் யாரும் போடலாம் என்பதை இங்கே வந்து கடையில் கண்டபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, எரிச்சல். இல்ஃபோர்ட் அண்ணை, 2ஆம் திகதி இரவு நான் உங்களுக்கு எழுதியது பொறாமையில்.

24 ஜூலை

ஆனால் வயிற்று மடிப்பைப் பற்றி எழுதியதை மாற்ற மாட்டேன்.

21 ஓகஸ்ட்

நேற்று செல்சியை 3–1. வீட்டில் இருந்து பார்த்தோம். ரைஸ் போனால் கழகமே போய்விடும் என்றவர்கள் எங்கே? (நானும் அதில் ஒருத்தன்.)

இல்ஃபோர்ட் அண்ணை பதில் எழுதியிருக்கிறார். எரிச்சல் விளங்குகிறதாம், ஆனால் தனக்கு ஊரில் கழகமே இருக்கவில்லையாம், வெஸ்ட் ஹாம்தான் முதல் கழகமாம். அதை நான் யோசிக்கவில்லை.

29 ஓகஸ்ட்

நேற்று எங்கள் ஊர் ஒன்றியத்தின் உதைபந்தாட்டப் போட்டி. வங்கி விடுமுறை நாள், தூறல், கொத்துரொட்டிக் கடையில் வரிசை மைதானம் வரைக்கும். ஒன்றியத்தில் இந்த முறை எல்லாருக்கும் ஜேர்சி அடித்திருந்தார்கள். விளையாடுகிறவர், விளையாடாதவர், சர்க்கரை வருத்தக்காரர், முழங்கால் மாற்றினவர், எல்லாருக்கும். நெஞ்சில் ஒரு நகைக்கடை, கையில் ஒரு சட்டத்தரணி. கழகத்தின் பழைய நிறம் என்று சொன்னார்கள். பழைய நிறம் இதைவிட வெளிறல், ஆனால் அது வெயிலில் காய்ந்ததால் வந்த நிறமாக இருக்கலாம்.

போன மாதம் போனில் எண் கேட்டிருந்தார்கள். "என்ன எண் வேணும் அண்ணை, 10 எடுத்தாச்சு, 7 எடுத்தாச்சு." 12 என்றேன்.

நாள் முழுக்கப் போட்டிருந்தேன். வயிற்றில் ஒட்டியது, இடுப்பில் ஏறியது. ஒருத்தரும் சிரிக்கவில்லை, அங்கே எல்லாருக்கும் ஏறியிருந்தது.

29 டிசம்பர்

நவம்பர் 1ஆம் திகதி கரபாவோ கிண்ணத்தில் ஆர்சனலை 3–1. நேற்று அவர்கள் மைதானத்திலேயே 2–0. இரண்டு இரவும் நான் சோபாவில் அந்த "ரைஸ் 41" ஜேர்சியோடு இருந்தேன். படுக்கிற உடுப்பு, வேறு காரணம் இல்லை. ஆனால் மகன் கவனித்துவிட்டான். பெப்ரவரியில் அவர்கள் ஸ்ட்ராட்போர்டில் இருக்கிற எங்கள் மைதானத்துக்கு வருகிறார்கள், இரண்டு டிக்கெட் கிடைத்திருக்கிறது. "நீங்கள் அதைத்தான் போட வேணும்" என்கிறான். அவன் கறுப்பு ஜக்கெட் போட்டுத்தான் வருவானாம். ஜேர்சியெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்காம்.

12 பெப்ரவரி 2024

0–6.

முழுவதையும் எழுத மனமில்லை. போட்டுக்கொண்டு போனேன், மேலே தடித்த கோட்டு. அரைவாசி நேரத்திலேயே 0–4. எங்கள் வரிசையில் எட்டுப் பேர் எழும்பிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மகன் போவோம் என்றான். கோட்டுக்குள்ளே வேர்த்துக் கொட்டுகிறது, சிப்பைத் திறக்க முடியாது. கழற்றினால் பின்வரிசைக்காரர் முதுகை வாசிப்பார்கள். ஆறாவது கோலை அடித்தது யார் என்று பார்த்திருப்பீர்கள். தூரத்தில் இருந்து, அழகான அடி. கொண்டாடவில்லை அவர். நான் சிப்பைத் தாடை வரைக்கும் இழுத்துவிட்டேன்.

ஸ்ட்ராட்போர்ட் ஸ்டேசனில் மகன் என் முதுகில் தட்டி, "அப்பா, இண்டைக்கு உங்களுக்கு ஒரு கோல்" என்றான். ஜூலைக்குப் பிறகு அந்தப் பெயரை வைத்து அவன் விட்ட முதல் பகிடி.

இன்று காலை தோய்த்து ரேடியேட்டரில் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரி அதைப் புரட்டி, பெயர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறா.

இல்ஃபோர்ட் அண்ணை, ஏழு மாதமாக ஒன்று கேட்க நினைத்து மறந்துவிட்டேன். உங்கள் மனுசி வாங்கித் தந்த ஜேர்சியில் பின்னால் யாருடைய பெயர்?